எடைக்குப் போகும் துல்லியம்

அலைகளின் அதிர்வெண்ணை அளக்கும் பழைய ஃப்ரீக்வென்சி கவுண்டர் ஒன்று தாராவியின் 13ஆம் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்தால் அதன் விலையைத் தராசு சொல்லிவிடும். அலுமினிய உறை ஒரு கூடைக்கு, ட்ரான்ஸ்ஃபார்மரின் செம்பு இன்னொன்றுக்கு, தங்க முலாம் பூசிய கனெக்டர்களும் போர்டுகளும் மூன்றாவதற்கு. இவற்றின் நடுவே, கையில் அடங்குகிற அளவில், சில ஒயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோக டப்பா இருக்கும். உடைத்தால் உள்ளே கொஞ்சம் ஃபோம், ஒரு சின்ன உலோகக் கட்டி, அதன் வயிற்றில் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். எடைக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் கிரிஸ்டல் ஓவன் ஆசிலேட்டர் எனப்படும் அந்த டப்பாதான் கவுண்டரின் உயிர். மற்றவை அதை நம்பி எண்ணிக் காட்டுகிற உறுப்புகள். அவையெல்லாம் வயதானால் மோசமாகும். இது ஒன்றுதான் வயதாக ஆகத் தேறும். அதை உடைத்து எடைக்குப் போடுவது நஷ்டக் கணக்கு என்பதே நான் இங்கே வைக்கும் வாதம். பழம்பொருள் மோகம் இதற்குத் தேவையில்லை. கணக்குப் போட்டே காட்டலாம்.

மும்பையில் எலக்ட்ரானிக்ஸ் பழகிய முந்தைய தலைமுறைக்கு இந்தக் கருவி அந்நியமானதல்ல. கவுண்டரின் பிறப்பே அணு ஆய்வை ஒட்டியது. கதிர்வீச்சுத் துடிப்புகளை எண்ணும் ஸ்கேலரை வேகப்படுத்த ஹ்யூலெட்-பேக்கார்டில் ஆல் பேக்லி எடுத்த முயற்சிதான் 1950களின் தொடக்கத்தில் 10 மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணும் 524ஏ கவுண்டராக உருவெடுத்தது. அதே பத்தாண்டில், 1954இல், செம்பூருக்குத் தெற்கே டிராம்பேயில் அணுசக்தி நிலையம் எழுந்தது; 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. உலைக்கு வேண்டிய எண்ணு கருவிகளை நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தில் ஏ.எஸ். ராவ் வளர்த்த எலக்ட்ரானிக்ஸ் பிரிவிலிருந்துதான் 1967இல் ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான இ.சி.ஐ.எல். பிறந்தது. செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வேலைதான் பிழைப்பு. 1923 முதல் மாட்டுங்காவில் இருந்துவரும் வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி இப்படிப்பட்ட தொழில்களுக்கு ஆட்களைத் தயார்செய்தது. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய அந்தக் காலத்தில், இறக்குமதி உரிமத்தோடு வந்து சேர்ந்த ஒரு கவுண்டர் ஒரு துறைக்கே சொத்து. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் நிக்சி எண்களை அதில் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றோடு சேர்ந்து நினைவில் நிற்பது ஒரு கட்டளை: சுவிட்சை அணைக்கலாம், பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ஸ்டாண்ட்பையில் கருவி இருட்டாகக் கிடக்கும்போதும் கிரிஸ்டலைச் சூடாக வைக்கும் ஓவனுக்கு மட்டும் இரவு பகலாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது வெறும் சடங்காகத் தோன்றியிருக்கும். சடங்குக்குப் பின்னால் இருந்த இயற்பியலைச் சொன்னால்தான் அந்த டப்பாவின் மதிப்பு விளங்கும்.

கவுண்டர் செய்யும் வேலை எளியது. ஒரு வாசலை ஒரு வினாடி திறந்துவைத்து, அதற்குள் எத்தனை அலைகள் நுழைந்தன என்று எண்ணுகிறது. பத்து கோடி நுழைந்தால் 100 மெகாஹெர்ட்ஸ். எண்ணிக்கையில் அது ஒன்றுக்கு மேல் தவறாது. தவறு நேர்வது வாசல் திறந்திருந்த நேரத்தில். அந்த ஒரு வினாடியை அளந்து கொடுப்பது உள்ளிருக்கும் கிரிஸ்டல். அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 100 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் பிசகிவிடும். திரையில் தெரியும் கடைசி மூன்று இலக்கங்கள் வெறும் அலங்காரம். தராசின் முள் எவ்வளவு நுணுக்கமாக ஆடினாலும் படிக்கல் பொய்யானால் நிறுவையும் பொய்தான். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான லேமிங்டன் ரோட்டில் இன்று மலிவாகக் கிடைக்கும் எட்டு இலக்கக் கவுண்டர் போர்டுகளில் பெரும்பாலும் வெறும் கிரிஸ்டல்தான் இருக்கிறது. முள்ளுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் நடைமுறை கேட்பது வேறு. ஆகாசவாணியின் மும்பை நிலையம் 1044 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது என்றால், பன்னாட்டு விதிப்படி அதன் அலை 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது; ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அதைச் சோதிக்கும் கருவி குறைந்தது பத்து மடங்கு நம்பகமாக இருந்தாக வேண்டும். 1982இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது பால் (PAL) முறையின் வண்ணத் துணையலை 4.43361875 மெகாஹெர்ட்ஸ் என்று எட்டுத் தசம இடங்கள் வரை வரையறுக்கப்பட்டிருந்தது. நிலையத்தில் அதைச் சில ஹெர்ட்ஸுக்குள் நிறுத்த வேண்டியிருந்தது. இலக்கங்களின் எண்ணிக்கை இந்தத் தேவையைத் தீர்க்காது, அவற்றுக்குப் பின்னால் நிற்கும் கிரிஸ்டல் தீர்க்கும்.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும் என்பது அதன் மறுபக்கம். அதிரும் வேகத்தைக் குவார்ட்ஸ் வட்டின் தடிமன் தீர்மானிக்கிறது: 10 மெகாஹெர்ட்ஸில் அடிப்படை அதிர்வில் இயங்கும், ஏ.டி. எனப்படும் கோணத்தில் வெட்டிய வட்டின் தடிமன் சுமார் 0.17 மில்லிமீட்டர். சூடு மாறினால் வேகமும் மாறும். ஆனால் எந்தக் கோணத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த மாற்றத்தின் வடிவம் மாறுகிறது. 1930களில் பெல் ஆய்வகம் கண்ட ஏ.டி. வெட்டில், சூடு ஏறும்போது அதிர்வெண் ஏறி, திரும்பி இறங்கி, மறுபடி திரும்பி ஏறும். இரண்டாவது திருப்பத்தில், அதாவது இறக்கம் நின்று ஏற்றம் தொடங்கும் இடத்தில், ஒரு டிகிரி முன்பின் ஆனாலும் அதிர்வெண் அநேகமாக அசையாது. ஓவன் செய்வதெல்லாம் கிரிஸ்டலைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைப்பதுதான். தெர்மிஸ்டர் சூட்டைப் பார்க்கிறது, ஹீட்டர் ட்ரான்சிஸ்டர் தேவையான அளவுக்கு மட்டும் சூடேற்றுகிறது. தொடக்ககால ஓவன்களில் தெர்மோஸ்டாட் முழுதாக எரித்து முழுதாக அணைத்தது. அதிர்வெண்ணும் கூடவே ஊசலாடியது. படிப்படியாக ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு வந்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது. 1960களின் 5245எல் கவுண்டருக்கு ஹ்யூலெட்-பேக்கார்ட் உறுதி சொன்ன நகர்வு ஒரு நாளைக்கு நூறு கோடியில் மூன்று பங்கு. பின்னால் வந்த 10811 என்னும் ஓவன், எஸ்.சி. என்னும் வேறொரு கோணத்தில் வெட்டிய கிரிஸ்டலைக் கொண்டு, அதை இருநூறு கோடியில் ஒரு பங்காக்கியது. 10 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு ஹெர்ட்ஸில் இருநூறில் ஒரு பங்கு.

மும்பையில் இதற்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். டில்லியைப் போலக் கடுங்குளிரும் அனலும் மாறிமாறி வருகிற ஊரில்லை இது, கடலோரம். ஜனவரி இரவுக்கும் மே மாதப் பிற்பகலுக்கும் உள்ள வேறுபாடு இருபது டிகிரியை ஒட்டியதே. கேள்வி நியாயமானது. ஆனால் கிரிஸ்டல் வாழ்வது தெருவின் வெப்பநிலையில் அல்ல, பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலையில். வால்வும் நிக்சியும் கொண்ட கருவி சுவிட்ச் போட்ட முதல் மணி நேரத்திலேயே உள்ளே பத்துப் பதினைந்து டிகிரி ஏறிவிடும். குளிரூட்டிய ஆய்வுக்கூடத்திலிருந்து தகரக் கூரையின் கீழுள்ள பட்டறைக்கு மாறினால் இன்னும் ஏறும். இருபது டிகிரி மாற்றத்துக்கே வெறும் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் சில பங்கு நகரும். ஓவன் வெளிச்சூட்டைவிட உயரத்தில், 80 டிகிரியை ஒட்டி நிற்பதால் மே மாதத் தகரக் கூரையும் அதை எட்டாது. இதற்கு மேலாக மும்பைக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் நிற்கும் ஈரம் போர்டுகளின் மேல் கசிவுப் பாதைகளை உண்டாக்கும், அளவுகளை இழுக்கும். எப்போதும் சூடாக இருக்கும் டப்பாவுக்குள் அந்த ஈரம் தங்குவதில்லை. பிளக்கைப் பிடுங்காதே என்ற விதி மழைக்காலத்தில் இரட்டைப் பயன் தந்தது.

இனி வயதின் கணக்கு. புதுக் கிரிஸ்டலை உறையிலிட்டு மூடிய பிறகும் அதன் மேற்பரப்பில் ஒட்டிய மாசு மெல்ல விலகும், அல்லது உறையின் உள்ளிருந்து வேறு மாசு வந்து படியும். 0.17 மில்லிமீட்டர் வட்டில் ஓர் அணு அடுக்கு கூடினாலோ குறைந்தாலோ அதிர்வெண் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு மாறிவிடும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு நுண்ணிய விவகாரம் என்று தெரியும். அதோடு, மின்முனைப் பூச்சிலும் தாங்கு கம்பிகளிலும் உற்பத்தியின்போது தங்கிய இறுக்கம் நாளடைவில் தளர்கிறது. இரண்டுமே ஆரம்பத்தில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நடப்பவை. முதல் மாதத்தில் நடந்த அளவு நகர்வு பிறகு நடக்கப் பல மாதங்கள், அதற்குப் பிறகு பல வருடங்கள் பிடிக்கும். தொழிற்சாலை எழுதித் தந்த வரம்பு புதுக் கிரிஸ்டலுக்கானது. இருபது ஆண்டு விடாமல் ஓடியது பெரும்பாலும் அதைவிட நிதானமாக இருக்கும். இதையே பழைய கவுண்டருக்கு ஆதரவான தலையாய சான்றாகக் கருதுகிறேன். காலத்தைத் தவிர வேறெதனாலும் இந்தப் பக்குவத்தைத் தர முடியாது. புதிதாக வாங்குகிறவர் அதற்காகக் காத்திருந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். பழைய கவுண்டர் இருபது ஆண்டு ஓடியிருக்கலாம். அதன் பிறகு பத்து ஆண்டு கிடங்கில் அணைந்து கிடந்ததே, பக்குவம் எங்கே மிஞ்சும்? அணைத்து மீண்டும் சூடேற்றிய கிரிஸ்டல் விட்ட இடத்துக்கே திரும்பாது என்பது உண்மை. பத்து நிமிடத்தில் பெருமளவு சீராகிவிடும் 10811கூட, உறுதியளித்த நிதானத்துக்கு வர ஒரு முழு நாள் கேட்கும். நெடுங்காலம் கிடந்தது சில வாரம் கேட்கலாம். ஆனால் இறுக்கம் ஒருமுறை தளர்ந்தால் தளர்ந்ததுதான். புதுக் கிரிஸ்டலின் நெடும்பயணத்தை அது மறுபடி தொடங்குவதில்லை. இன்னொன்று: எங்கே நிற்கிறது என்பதும் எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பதும் வேறு வேறு குணங்கள். மும்பை நகரமே இதற்குச் சாட்சி. இந்திய நேரம் 1906இலேயே வந்தும் இந்த நகரம் 1955 வரை, 39 நிமிடம் பின்தங்கிய தன் சொந்த நேரத்தை வைத்திருந்தது. கடிகாரங்கள் தவறாக ஓடவில்லை. சீராக ஓடின, வித்தியாசமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் ரயில் ஏறுவோர் கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. விலகல் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். ஓவனில் ஒரு சிறிய திருகு இருப்பதே அதற்குத்தான். நிலையாக நிற்காததைத் திருத்தத்தான் வழியில்லை.

அந்தக் காலத்தில் திருத்துவதற்கு ஒப்பிட என்ன இருந்தது? டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.டி.ஏ. நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நேரத்தையும் அதிர்வெண்ணையும் சிற்றலையில் அனுப்பியது. ரிசீவரில் அதைப் பிடித்து, கவுண்டரின் அலையோடு கலந்து, இரண்டுக்கும் இடையிலான விம்மல் நிற்கும்வரை திருகைத் திருப்புவார்கள். ஆனால் அயனி மண்டலம் ஏறி இறங்குவதால் மும்பைக்கு வந்து சேரும் அலையில் கோடிக்கு ஒரு பங்கு வரை பிசகு இருக்கும். ஒப்பிடும் வழியைவிட உள்ளே இருந்த ஓவன் நிதானமாக இருந்தது என்பதே இதன் பொருள். பல நாட்கள் ஒப்பிட்டுச் சராசரி எடுத்தால்தான் ஒப்பீட்டுக்குப் பயன். அந்தச் சராசரியைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைச் செய்தது ஓவன்.

இன்று ஜி.பி.எஸ். வந்துவிட்டதே என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. வானிலிருந்து அணுக் கடிகாரத்தின் நேரம் இலவசமாக வருகிறது. எதற்கு இந்த அடுப்பு? விடை ஜி.பி.எஸ். கருவிக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண ரிசீவர் தரும் வினாடித் துடிப்பு பத்து நானோ வினாடி அளவில் முன்பின் குலுங்கும். ஒரு நாள் முழுவதும் சராசரி எடுத்தால் அந்தக் குலுக்கம் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துபோகும். ஒரே ஒரு வினாடியில் பார்த்தால் பத்து கோடியில் ஒரு பங்கு. கவுண்டர் வாசல் திறப்பது ஒரு வினாடிக்குத்தான். அந்த ஒரு வினாடியில் நல்ல ஓவன் கிரிஸ்டல் ஜி.பி.எஸ். துடிப்பைவிட ஆயிரம் மடங்கு அமைதியானது. ஆகவேதான் ஜி.பி.எஸ். வழி திருத்தப்படும் நல்ல நேரக் கருவிகளுக்குள் ஓர் ஓவன் உட்கார்ந்திருக்கிறது; சி.டி.எம்.ஏ. கைபேசிக் கோபுரங்களில் இருந்த இசட்3801ஏ கருவியில் இருந்தது 10811 குடும்பத்தைச் சேர்ந்ததே. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் இந்தியாவே செய்த ரூபிடியம் கடிகாரம் பறந்தது பெரிய சாதனை. ஆனால் எந்த ரூபிடியம் கடிகாரமும் தன் அணுவைக் கொண்டு கட்டி மேய்ப்பது ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலைத்தான். தாராவிச் சந்துகளிலோ செம்பூர் அடுக்கு மாடிகளின் இடையிலோ வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில் ஆன்டெனா சரியாகக் கேட்காத நேரத்தைத் தாண்டிச் செல்ல உதவுவதும் ஓவனுக்குள் இருக்கும் கிரிஸ்டல்தான். நீண்ட காலத்துக்கு ஜி.பி.எஸ்., குறுகிய காலத்துக்கு ஓவன்: இரண்டும் போட்டியில்லை, கூட்டு.

மின்சாரச் செலவும் பழுதும் அடுத்த மறுப்புகள். 10811 சூடேறிய பிறகு எடுப்பது இரண்டு வாட் அளவு. ட்ரான்ஸ்ஃபார்மரின் இழப்பையும் சேர்த்துப் பத்து வாட் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 88 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பழுதைப் பற்றிய பயம் இதைவிட நியாயமானது. மின்பகு கெபாசிட்டர்கள் உலர்ந்துபோகும், ஃபோம் பொடிந்து கசியும், 10811இல் அதிகச் சூட்டுக்குக் காவலாக வைத்த தெர்மல் ஃப்யூஸே காரணமின்றி அறுந்து ஓவனைக் குளிரவைத்துவிடும். கிரிஸ்டலின் அதிர்வெண் திடீரென ஒரு படி தாவுவதும் உண்டு. ஆனால் இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால், முதல் மூன்றும் சோல்டரிங் இரும்பு எட்டுகிற இடத்தில்தான் இருக்கின்றன. கெபாசிட்டரும் ஃப்யூஸும் சில பத்து ரூபாய்ச் சாமான்கள். மாற்ற முடியாத ஒரே பொருள் கிரிஸ்டல். அது மற்ற பாகங்களைவிட அரிதாகவே சாகிறது. மலிவான பாகம் செத்ததற்காக விலைமதிப்பான பாகத்தை உடைப்பதை வேறெந்தத் தொழிலிலும் சிக்கனம் என்று சொல்ல மாட்டார்கள்.

மிகக் கனமான மறுப்பு இயற்பியலிலிருந்து வரவில்லை. பிரித்துப் பிழைக்கிறவரிடம் போய் உடைக்காதே என்று உபதேசிப்பது, ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லும் பேச்சு. அவருக்கு நேரமும் இடமும் காசு. செம்புக்கு அன்றைக்கே விலை கிடைக்கும், துல்லியத்துக்கு யார் கொடுப்பார்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வாதத்தை முடிக்க முடியாது. சட்டமும் அவரைப் போலவே எடைபோடுகிறது: 2022இன் மின்னணுக் கழிவு விதிகளில் மறுசுழற்சிச் சான்றிதழ், மீட்கப்பட்ட தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியத்தின் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அதே விதிகள் புதுப்பித்தலையும் ஏற்கின்றன என்பதுதான் நமக்கு வழி. வேலை செய்யும் ஓவனுக்கு அமெச்சூர் வானொலிக்காரர்கள் முதல் கல்லூரிகள் வரை வாங்குவோர் உண்டு. அவர்கள் தரும் விலை, உள்ளிருக்கும் உலோகத்தின் விலையைப் போலப் பல மடங்கு. தேவைப்படுவது உபதேசமல்ல, ஒரு சோதனை. டப்பாவின் மேல் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தை, 12 அல்லது 20 அல்லது 24 வோல்ட், கொடுத்து நடுவில் அம்மீட்டரை வைத்தால் போதும். உயிருள்ள ஓவன் முதலில் அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பத்து நிமிடத்தில் சூடேறியதும் மின்னோட்டம் தானாகக் கால்வாசி அளவுக்கு இறங்கி நின்றுவிடும். இறங்கினால் ஹீட்டரும் தெர்மிஸ்டரும் அவற்றின் கட்டுப்பாடும் நலம். தொடக்கத்திலிருந்தே இழுக்காவிட்டால் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். படிப்புச் சான்றிதழ் எதுவும் தேவைப்படாத சோதனை இது. செம்பின் தரத்தைக் கீறிப் பார்த்தே சொல்லும் கைகளுக்கு இது பெரிய வித்தையல்ல.

கருவிகளைக் கழிக்கிற பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. அரசு ஆய்வுக்கூடங்களும் கல்லூரிகளும் பழைய கருவிகளைக் கழிக்கும்போது மொத்தமாக ஏலம் விட்டுக் கோப்பை மூடிவிடுகின்றன. ஏலத்துக்கு முன் ஓவனுள்ள கவுண்டர்களைத் தனியே பிரித்தால், ஒவ்வொரு பொறியியல் கல்லூரிக்கும் ஒரு நல்ல அளவைக் கூடம் அநேகமாகச் செலவில்லாமல் அமையும். ஜி.பி.எஸ்.ஸின் வினாடித் துடிப்பை ஆசிலோஸ்கோப்பின் ட்ரிக்கருக்குக் கொடுத்து, ஓவனின் 10 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திரையில் போட்டால், அலை மெல்ல நகர்வது தெரியும். நூறு வினாடியில் ஓர் அலை நகர்ந்தால் பிசகு நூறு கோடியில் ஒரு பங்கு. பிழை என்றால் என்ன, விலகல் என்றால் என்ன, எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்பதை மாணவருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி குறைவு. சோதனையில் தேறாத ஓவன்களை உடைக்கட்டும், செம்பை எடுக்கட்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தேறுகிறவற்றைப் பிரித்தெடுக்க ஒரு பவர் சப்ளை, ஒரு மீட்டர், டப்பாவுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கொடுக்க ஏலம் விடுகிற நிறுவனம் முன்வந்தால், தராசில் நிற்கிறவருக்கும் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறவருக்கும் லாபம் ஒன்றாகவே இருக்கும்.